கறுப்புத் துணி போட்ட தட்டு

“கையெழுத்துப் போடுங்க, மேடம்,” என்றாள் பூங்கோதை. “ஜெபராஜ் இனி இந்த லேபுக்குள்ள காலை வைக்கக் கூடாது.”

பேராசிரியர் ஹமீதா புகார்க் கடிதத்தைப் படித்தார். அவளைவிட ஆறே வயதுதான் மூத்தவர். பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

“என்ன செஞ்சான்?”

“என் ஈக்களைக் கெடுத்துட்டான்.”

பழ ஈக்கள். கண்ணாடிக் குழாய்க்கு ஒன்றாக அடைத்து, பத்து நாளாக இருட்டறையில் வைத்திருந்தார்கள். பொழுது விடிந்ததோ சாய்ந்ததோ அவற்றுக்குத் தெரியாது. ஆனாலும் உள்ளே ஓடும் கடிகாரம் சொன்னபடி எழும், நடக்கும், அடங்கும்.

மேல் தட்டு ஜெபராஜுடையது. அவை நேரம் தவறாமல் எழுந்தன.

கீழ்த்தட்டு பூங்கோதையுடையது. அவை மூன்று மணி நேரம் பிந்தி எழுந்தன. இரண்டு வருட உழைப்பு அந்தத் தட்டில் இருந்தது.

“தானா பிந்தியிருக்கலாமே.”

“ஒரே வம்சம், ஒரே தீனி, ஒரே ரூம். அவனோடது சரியா ஓடும், என்னோடது மட்டும் தானா பிந்துமா? யாரோ வெளிச்சம் காட்டியிருக்காங்க.”

“காட்டினா?”

முதல் வருடப் பிள்ளைகளைக் கேட்கிற கேள்வி. பூங்கோதைக்குச் சுருக்கென்றது.

“இருட்டுல ஈயோட மூளையில ஒரு புரதம் சேரும். வெளிச்சம் பட்டா சிதைஞ்சுபோகும். மறுபடி சேர்க்கணும். முன்னிரவுல பட்டா கடிகாரம் பிந்திடும். இருட்டுல அடைக்கறதுக்கு முன்னாடி விளக்கு நேரத்தை நாம மாத்தி வச்ச கணக்குப்படி அதுகளுக்கு முன்னிரவுன்னா நமக்குப் பகல் பதினொண்ணு. அந்த நேரம் பார்த்து டார்ச் அடிச்சிருக்கான்.”

“எவ்வளவு வெளிச்சம் வேணும்?”

“மினுக்குன்னா போதும்.”

“அவன் அடிச்சதை நீ பார்த்தியா?”

“பார்க்கணுமா? அவன் தட்டுக்கு மட்டும் எப்பவும் கறுப்புத் துணி தொங்குது, சாமிக்குத் திரை போட்ட மாதிரி. மறைக்க ஒண்ணுமில்லாதவனுக்குத் திரை எதுக்கு, மேடம்?”

“நீ?”

“நானா?” குரல் உயர்ந்தது. “போனை வாசல் கூடையில போட்டுட்டுத்தான் உள்ளே போவேன். சிவப்பு விளக்குலதான் நிப்பேன். சிவப்பு அதோட கடிகாரத்தைத் தொடாது. தினமும் பதினொண்ணுக்குப் போய், செத்தது எதுன்னு பார்த்து, மணியோட எழுதி வைக்கிறேன். ஒரு நாள் தவறல. நோட்டைப் பாருங்க.”

சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி நேரம் பார்த்தாள். “கடிதத்தை டீன்கிட்ட கொடுக்கணும், அவர் பன்னிரண்டுக்குக் கிளம்பிடுவார்.”

ஹமீதா எழுந்தார். “வா.”

வராந்தாவில் ஜெபராஜ் நின்றிருந்தான். மூன்று நாள் தாடி.

“மேடம், நான்…”

ஹமீதா கை அமர்த்தினார். பூங்கோதை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு போன்களும் கூடைக்குள் விழுந்தன. இருட்டறைக் கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹமீதா முதலில் மேல் தட்டுத் துணியைக் கீழ்வரை இழுத்து, ஓரங்களைச் செருகினார்.

“அவன் திரைக்கு நீங்களுமா மரியாதை?”



கீழ்த்தட்டின் முன் இருவரும் நின்றார்கள். ஹமீதா விளக்கை அணைத்தார்.

பூங்கோதைக்குத் தன் கையே தெரியவில்லை. கடிதத்தை மட்டும் மார்போடு பிடித்திருந்தாள்.

“விளக்கை ஏன் அணைச்சீங்க?”

“தினமும் எழுதுவியே, அதைச் சொல்லு. நான் மனசுல எழுதிக்கறேன். எத்தனை செத்திருக்கு?”

“நேத்து வரைக்கும் ரெண்டு.”

“மணி?”

“பதினொண்ணு மூ…”

நாக்கு அங்கேயே நின்றது.

முப்பது குழாய்களும் வெளிர்நீலமாய்ப் பளிச்சென்று நின்றன. உள்ளே ஒவ்வொரு ஈயின் சிவப்புக் கண்ணும் தெரிந்தது. வெளிச்சம் அவள் மணிக்கட்டிலிருந்து வந்தது. தூக்கினால் தானே எரியும் வாட்ச். சிவப்பு விளக்கின் கீழ் அவள் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

மறு கையால் அதைப் பொத்தினாள். கடிதம் எங்கோ விழுந்தது.

மறுபடி இருட்டு.

“பேனா இருக்கு,” என்றது ஹமீதாவின் குரல். “எங்க கையெழுத்துப் போடணும்?”

வாட்ச் வார் அவிழ்கிற சத்தம் கேட்டது. அதை இறுக மூடிய கையோடு, மறு கையால் பூங்கோதை மேல் தட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்றாள், மூச்சு விடுகிற அளவுக்கே குரல் எழும்ப. “அவன் துணி முழுசா மூடியிருந்துச்சுல்ல?”