நானூறு காட்டாத கடிகாரம்

“டீச்சர், என் இதயம் ஓய்ஞ்சுபோச்சு.”

குன்றின் முதல் படியில் நின்றுகொண்டு கொழுந்துவேலு இதைச் சொன்னார். சொல்லிவிட்டு இடக்கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கைக்கடிகாரம். மருமகன் வாங்கித் தந்தது.

சுடர்க்கொடி கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

காலையில் அந்தக் குன்றில் ஏற வருகிறவர்களுக்கு நடையும் மூச்சும் சொல்லிக்கொடுப்பவள் அவள். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள்.

“ஓய்ஞ்சுபோன இதயமா இவ்வளவு சத்தமா பேசுது, அண்ணாச்சி?”

“விளையாடாதீங்க டீச்சர். முதல் வாரம் நானூற்று முப்பது கலோரி எரிஞ்சதா காட்டுச்சு. போன மாசம் முந்நூற்று அறுபது. நேத்து முந்நூறுகூட வரலை. வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டிருக்கார்.”

வெள்ளிக்கிழமை என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அவர் மனைவி பூரணத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று அவர் முன்வந்தார். ‘முதலில் உங்கள் மூச்சும் ரத்த அழுத்தமும் சீராகட்டும். மூன்று மாதம் படி ஏறுங்கள். பிறகு சொல்கிறேன்’ என்றார் டாக்டர்.

நாளுக்கு நானூறு என்று டாக்டர் சொல்லவில்லை. அது கொழுந்துவேலு தனக்குத்தானே போட்டுக்கொண்ட விரதம்.

“படி ஏதாவது குறைஞ்சிருக்கா?”

“இல்லை. முந்நூற்று நாற்பது. மூணு தடவை.”

“குன்று உட்கார்ந்துடுச்சா?”

“குன்று எப்படி உட்காரும்?”

“நேரம்?”

“அதே முக்கால் மணி.”

“அப்போ என்னதான் குறைஞ்சுது?”

“நான்தான்” என்றார்.

அவள் அவருடைய துணிப்பையைப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு பிளாஸ்க் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

“அது என்ன?”

“டீ.”

“ஏறி முடிச்சதும் குடிக்கவா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஏறுறதுக்கு முன்னாடி. கடுந்தேநீர், ரெண்டு டம்ளர். பத்து நாளா குடிக்கிறேன். குடிச்சுட்டு ஏறினா நாற்பது ஐம்பது கூடக் காட்டுது.”

சுடர்க்கொடி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

“நெடுஞ்சாலை எடைமேடையில எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“முப்பது.”

“அங்கே யாராவது ஏமாத்தப் பார்ப்பாங்களா?”

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. “பார்க்காம? லாரிக்காரன் மணல்ல தண்ணியை ஊத்திக் கொண்டுவருவான். எடை கூடும். மேடை பாவம், என்ன செய்யும்? மேல ஏறினதைக் காட்டும். மணலா தண்ணியான்னு அதுக்குத் தெரியாது. நான் லாரிக்கு அடியில குனிஞ்சு பார்ப்பேன். சொட்டுச்சுன்னா தீர்ந்தான். முப்பது வருஷத்துல என்கிட்ட தப்பிச்சவன் ஒருத்தன்கூட...”

நிறுத்தினார்.

பிளாஸ்க் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேநீர் நின்றது.

“இந்தக் கடிகாரம் படியை எண்ணி கலோரி சொல்றதில்லை, அண்ணாச்சி” என்றாள். “நாடித்துடிப்பை எண்ணுது. இவ்வளவு துடிச்சா இவ்வளவு எரிஞ்சிருக்கும்னு உத்தேசமா சொல்லுது.”

“டீக்குத் துடிச்சாலுமா?”

“டீக்குத் துடிச்சாலும். பயத்துக்குத் துடிச்சாலும்.”

அவர் எழுந்தார். அடிவாரத்துப் பூக்காரம்மாவிடம் பிளாஸ்கை நீட்டினார்.

“என்ன அண்ணாச்சி, இன்னிக்கு விசேஷமா?”

“ஈர மணல் லாரி ஒண்ணு மாட்டிக்கிச்சும்மா. குடிங்க.”

திரும்பி வந்தவர் படியில் கால் வைக்கவில்லை.

“அது சரி டீச்சர். டீயைக் குடிச்சுமே நேத்து முந்நூறு வரலையே. அதுக்கு என்ன பதில்?”

அவள் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“ஏறுங்க. மேலே போனதும் வீட்டுக்கு ஃபோன் பண்ணுங்க.”

“எதுக்கு?”

“முதல் நாள் பண்ணினீங்களே.”

முதல் நாள் பண்ணினார்தான். உச்சிக்கு வந்துவிட்டதைப் பெருமையாகச் சொல்ல நினைத்தார். இரைப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. மறுமுனையில் பூரணம் பயந்து அழுதுவிட்டாள். அன்றோடு அந்த ஃபோன் நின்றது.

அவர் ஏறினார். அவள் இரண்டு படி பின்னால் வந்தாள்.

முந்நூற்று நாற்பதாவது படி. கீழே ஊர். ஓரத்தில் எடைமேடையின் தகரக் கூரை மின்னியது.

உட்காருவதற்கு முன்பே அவர் எண்களை அழுத்தினார்.

“பூரணம், மாத்திரை போட்டியா?”

“ஆச்சு. ரெண்டு இட்லி. உப்பில்லாத சட்னி. அதையும் சட்னின்னு சொல்லிக்க வேண்டியதுதான்.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. வெள்ளிக்கிழமைக்கு அந்த நீல ஃபைலை எடுத்து வச்சிடு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதுலதான் இருக்கு. போன தடவை மாதிரி பாதி வழியில ஆட்டோவைத் திருப்ப வேண்டாம்.”

“எடுத்து வச்சாச்சு.”

பிறகு அதட்டலாக வந்தது குரல்.

“ஏங்க, பேசிக்கிட்டு இன்னும் கீழேயே நிக்கிறீங்களா? வெயில் வர்றதுக்குள்ள ஏறக் கூடாதா?”