விதைநெல்லும் பன்னிரண்டு வாய்களும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மகுடவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எதையும் குவித்து வைத்துப் பார்க்கிற ஆசை பிடித்தவன். நாட்டின் விதைநெல் முழுவதையும் ஆற்றங்கரையில் ஒரே களஞ்சியத்தில் கொட்டிவைத்திருந்தான். தினமும் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைப்பான்.

மந்திரி செவ்வந்திநாதர் குவியலைவிடப் பக்கத்து ஆற்றைத்தான் அதிகம் பார்ப்பார்.

"மகாராஜா, விளைச்சல் போனால் ஒரு வருஷம் பட்டினி கிடப்போம். விதையே போனால் மறுபடி விதைக்க என்ன இருக்கிறது? ஆறு ஒருமுறை பெருகினால் போதும், நாடு முடிந்தது. ஏழு மேட்டு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவோம்" என்றார்.

மடைப்பள்ளி அதிகாரி ருத்திராபதிக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மூன்று தலைமுறையாக வராத வெள்ளம் இவருக்காக வரப்போகிறதா? வயசாகிவிட்டது மகாராஜா, பயப்படுகிறார்" என்று சிரித்தான். சபையும் கூடச் சிரித்தது.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "செவ்வந்திநாதரே, நாளைக்குள் இந்தச் சபையில் ஒருவராவது உம் பேச்சை ஒத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் மந்திரி முத்திரையை ருத்திராபதியிடம் கொடுத்துவிடும்."

பதவி போவதில் மந்திரிக்கு வருத்தம்தான். களஞ்சியம் ருத்திராபதி கைக்குப் போவதில் அதைவிட வருத்தம்.

மறுநாள் சபை கூடியதும் அவர் எழுந்தார். "மகாராஜா, நெல்லை விடுங்கள். வேறொரு வீண்வேலை கண்ணில் பட்டது. தங்கள் சாப்பாட்டை முதலில் ருசிபார்க்கப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாக ஒரு பருக்கையில்கூட விஷம் இருந்ததில்லை. அவர்களை அனுப்பிவிடலாமே."

பன்னிரண்டு பேரும் ருத்திராபதியின் சொந்தக்காரர்கள். அவன் துள்ளி எழுந்தான்.

"என்ன பேச்சு இது? இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்று யார் சொன்னது? ஒரே ஒரு வேளை தப்பினாலும் அப்புறம் திருத்திக்கொள்ள ராஜா இருக்கவேண்டாமா?"

"இதைத்தான் நேற்று நெல்லுக்குச் சொன்னேன்" என்று மந்திரி உட்கார்ந்துகொண்டார்.

ராஜா மீசையைத் தடவினான். "மந்திரி பேச்சை ஒத்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது" என்று சொல்லி, தன் கழுத்து முத்துமாலையை அவருக்குப் போட்டான். விதைநெல்லை ஏழு ஊர்களுக்கும் பிரித்து அனுப்பவேண்டும், முதல் மூட்டையை ருத்திராபதியே தலையில் சுமக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்த வருஷம் வெள்ளம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஏழு ஊருக்கும் போய்க் குவியல் பார்த்ததில் ராஜாவின் தொந்திதான் கரைந்தது.

ஒருநாள் ராஜா சாப்பிட்டுக் கை கழுவும்போது ருத்திராபதி மெல்ல ஆரம்பித்தான். "பார்த்தீர்களா மகாராஜா, வெள்ளம் வரவேயில்லை. நான் மூட்டை சுமந்ததுதான் மிச்சம்."

"இன்றைக்குச் சோற்றில் விஷமும் இல்லை, ருத்திராபதி" என்றான் ராஜா. "நாளைக்கு உன் ஆட்கள் வரவேண்டாமா?"

ருத்திராபதி அவசரமாகக் கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினான்.