செங்கோணம் எந்த மூலையில்?

பக்கத்து வகுப்பில் கைதட்டல் கேட்டாலே கணக்கு வாத்தியார் தணிகாசலத்துக்கு வயிறு எரியும். அங்கே பாடம் எடுப்பது புதிதாக வந்த தற்காலிக டீச்சர் தேன்மொழி. வடிவியல் பரீட்சையில் அவள் வகுப்பு முழுத் தேர்ச்சி; அவர் வகுப்பில் பாதிப் பேர் ஃபெயில்.

"அவ்வளவு கெட்டிக்காரின்னா, சாக்பீஸைத் தொடாம, ஒரே பீரியட்ல என் வகுப்பைத் தேத்திக் காட்டட்டும்!" என்று தலைமையாசிரியர் முன்னால் சவால் விட்டார்.

"சரிங்க சார். பசங்க எழுதின விடைத்தாளை மட்டும் கொடுங்க" என்றாள் தேன்மொழி.

இருவரும் பின்னால் வர, அவர் வகுப்புக்குப் போய்த் தாள்களைப் புரட்டினாள். பல பக்கமும் திருப்பிப் போட்டிருந்த முக்கோணங்களில் செங்கோணம் எங்கே என்று கேட்டதற்கு, ஃபெயிலான அத்தனை பேரும் இடது கீழ்மூலையையே வட்டமிட்டிருந்தார்கள். கரும்பலகையைப் பார்த்தாள். வாத்தியார் வரைந்திருந்த எல்லா முக்கோணத்திலும் செங்கோணம் அதே மூலையில்தான் உட்கார்ந்திருந்தது.

தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். "தாளைச் சுத்திச் சுத்திப் பாருங்க. உங்க சார் போடுற முக்கோணம் மாதிரி எப்போ தெரியுது?"

தாள்கள் சுழன்றன. "இங்க இருக்கு டீச்சர்!" என்று வகுப்பே கூவியது.

தலைமையாசிரியர் கைதட்டினார். தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போனது. "இது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நான் உங்க பிள்ளைங்க தப்பைப் பார்த்தேன் சார். நீங்க என் பிள்ளைங்க மார்க்கையே பார்த்துட்டு இருந்தீங்க."