காடையின் குரலில் கூப்பிட்டவன்

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, காடையும் மரத்தில்தான் கூடு கட்டும். ஒரு வேலமரத்தின் கீழ்க்கிளையில் காடை குடியிருந்தது. உச்சிக்கிளையில் இரட்டைவால் கரிச்சான்.

இன்றைக்கு மேடை போட்டு மிமிக்ரி என்கிறார்களே, அந்த வித்தை கரிச்சானுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆட்டுக்குட்டி போலக் கத்தும், மேய்ப்பவன் போலச் சீட்டியடிக்கும். ஒரு தரம் வல்லூறு மாதிரிக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டுப் போன புழுவைத் தின்றது. அதற்கும் சிறகடித்துச் சிரிக்க ஒரு கூட்டம் இருந்தது.

ஒருநாள் காலை காடை இரை தேடக் கிளம்பியது.

"நான் வந்து கூப்பிட்டாத்தான் வெளிய வரணும், கண்ணுங்களா. வேற யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாது" என்று மூன்று குஞ்சுகளிடமும் சொன்னது. பிறகு கரிச்சானை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கொஞ்சம் பாத்துக்கப்பா" என்றது.

"நீங்க போங்கக்கா, நான் இருக்கேன்ல" என்றது கரிச்சான்.

வெயில் ஏறியது. கிளிகள் சில வந்து உட்கார்ந்தன. "எங்க, காடையக்கா மாதிரி கூப்பிடு பாப்போம்" என்று ஒரு கிளி சீண்டியது.

இதென்ன பிரமாதம் என்று கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது. "வாங்க கண்ணுங்களா, அம்மா வந்துட்டேன்!"

அச்சு அசல் காடையின் குரல். கிளிகள் விழுந்து விழுந்து சிரித்தன. சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று குஞ்சுகளும் கிளையின் மேல் வந்து நின்றன. இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

"உள்ள போங்க! உள்ள போங்க!" என்று கரிச்சான் தன் சொந்தக் குரலில் கத்தியது. அந்தக் குரலுக்கு அவை அசையவில்லை. அம்மா சொன்னபடியே, அம்மாவை மட்டும் தேடிக்கொண்டு நின்றன.

வல்லூறு இறங்கியது தெரியும். ஏறியது தெரியாது. கிளையில் இரண்டு குஞ்சுகள்தான் இருந்தன.

 ஐயோ, என் வாயா இதைச் செய்தது என்று கரிச்சான் பதறியது.

காடை வெட்டுக்கிளியோடு வந்தது. குஞ்சுகளைப் பார்த்ததும் வாயிலிருந்த இரை நழுவி விழுந்தது. "யாரு கூப்பிட்டு வெளிய வந்தீங்க?"

"நீதானேம்மா கூப்பிட்டே?" என்றது ஒரு குஞ்சு.

 காடை மெல்ல உச்சிக்கிளையைப் பார்த்தது.

"நான்தான்க்கா... வெளையாட்டுக்கு..." அதற்குமேல் கரிச்சானுக்கு எந்தக் குரலும் வரவில்லை.

 காடை மிச்சமிருந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிப் புல்லுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கரிச்சான் வானத்தில் எழும்பி, அங்கே மறுபடி வட்டமிட்ட, தன்னைவிடப் பெரிய வல்லூற்றின் முதுகில் பாய்ந்து கொத்தியது.

அன்று முதல்தான் கரிச்சான் வல்லூற்றைக் கண்டால் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. அதை நம்பிப் புறாவும் மாங்குயிலும் அதன் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. காடை மட்டும் இன்றுவரை எந்த மரத்திலும் கூடு கட்டியதில்லை.