அண்ணனைக் கொன்ற நார்

செங்கோடனுக்கு வயது அறுபது. அவன் குருவாகக் கொண்ட மருதாயிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆடறுக்கும் வீட்டில் பிறந்து, மலையடிவாரத்தில் வைத்தியம் பார்க்கிறவள் அவள். "போயும் போயும் இந்த வயசுல இவகிட்டயா பாடம் கேட்கிறது?" என்று ஊரே சிரித்தது. செங்கோடன் சட்டை செய்யவில்லை. அவனுக்கு வேண்டியது பழிக்குப் பழி.

அவன் அண்ணன் வேலப்பன் தேர் இழுக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. இரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம் நார் நாராகத் திரண்டு, இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது என்றார் டவுன் டாக்டர். இன்னும் என்னென்னவோ சொன்னார். செங்கோடன் மனதில் தைத்தது நார் மட்டும்தான். "அதைக் கருவறுக்காம விடமாட்டேன்" என்று கிளம்பி வந்துவிட்டான்.

வந்த இடத்திலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் இரண்டு சுருட்டுப் பற்றவைப்பான். ஒன்று அவனுக்கு. இன்னொன்று வாசலில் ஒரு கல்லின்மேல், அண்ணனுக்குப் படையல். நாற்பது வருஷமாக இருவரும் ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவர்கள், பழக்கம் லேசில் விடுமா?

வந்த புதிதில் ஒருநாள் கோயிலில் ஆடு வெட்டினார்கள். மருதாயி ஒரு சட்டி நிறையச் சுடச்சுட இரத்தம் வாங்கிவந்து, விளக்குமாற்றுக் குச்சிகளால் விடாமல் கலக்கினாள். குச்சிகளில் என்னவோ சுற்றிக்கொண்டது. தண்ணீரில் அலசினாள். வெள்ளை வெளேரென்று நார்.

"இந்தாங்கண்ணா, உங்க எதிரி."

செங்கோடன் அதைக் கீழே போட்டு மிதிமிதியென்று மிதித்தான். சட்டியில் மிச்சமிருந்த இரத்தமோ பொழுது சாயும்வரை உறையவே இல்லை.

"பாத்தீங்களா தாயி! இதை ஒழிச்சிட்டா அடைப்பு ஏது?"

மருதாயி சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் காடுமேடெல்லாம் அலைந்தான். கடைசியில் ஒரு வேர் அகப்பட்டது. அதன் கஷாயத்தை ஊற்றினால் ஆட்டு இரத்தம் நாளெல்லாம் உறையாமல் கிடந்தது. மறுநாள் காலை, கல்லின்மேல் அண்ணனுக்குச் சுருட்டை வைத்துவிட்டு, கஷாயக் கிண்ணத்தோடு மருதாயி முன்னால் போய் நின்றான்.

"மேடு ஏறினா எனக்கும் இப்ப மார்பைப் பிடிக்குது தாயி. அண்ணனைக் கொண்டுபோன மாதிரி என்னையும் கொண்டுபோக விட்டிருவனா? குடிக்கப் போறேன். நீங்க தடுத்தாலும் கேட்கமாட்டேன்."

"நான் எதுக்குத் தடுக்கிறேன்? முதல்ல எனக்குக் கொடுங்க."

கிண்ணத்தை வாங்கி உதட்டருகே கொண்டுபோனாள். மறுகையில் ஆடறுக்கும் கத்தியை எடுத்தாள்.

"கத்தி எதுக்குத் தாயி?"

"குடிச்சிட்டு உள்ளங்கையைக் கீறிக்கப் போறேன்."

"ஐயையோ! இரத்தம் நிக்காதே!"

பதறிப்போய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். இரண்டு வருஷ உழைப்பு மண்ணோடு போயிற்று.

மருதாயி கத்தியைக் கீழே வைத்தாள். "நிக்காதுன்னு தெரிஞ்சுதான் நீங்க குடிக்க வந்தீங்களா?"

செங்கோடனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ, என் அண்ணனைக் கொன்னதைச் சும்மா விடச் சொல்றீங்களா? என்னால முடியாது. செத்தாலும் முடியாது!"

"விடச் சொல்லலை. நார் எதுக்கு அங்க போச்சு?"

யோசித்தான். டாக்டர் சொன்ன மிச்சம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "குழாயோட உள்சுவர் கெட்டுப்போய் வெடிச்சிருந்துதாம்."

"அந்த வெடிப்பை அடைக்கப் போயிருக்கு."

"போய் வழியையே அடைச்சிருச்சே!"

"ஆமா. கையில கீறினாலும் குழாய்க்குள்ள வெடிச்சாலும் அதுக்கு ஒண்ணுதான். புண்ணுன்னா ஓடும்."

"அப்போ அந்தச் சுவரைக் கெடுத்தது யாரு? சொல்லுங்க தாயி! யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கே ஒழிச்சுக் கட்டிட்டுத்தான் மறுவேலை!"

மருதாயி வாசல் பக்கம் திரும்பினாள். கல்லின்மேல் சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"காலையில உங்க அண்ணனுக்கு என்னத்தைப் படைச்சீங்க?"