பாட்டின்படி படுத்த அரசன்

நெடுங்காலத்துக்கு முன், கொம்பையாற்று நாட்டை மழவரசன் என்றொரு மன்னன் ஆண்டான். எவ்வளவு காலத்துக்கு முன் என்று கேட்காதீர்கள். அதை ஆராய உட்கார்ந்த பண்டிதர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மழவரசன் சரியாகத் தூங்கி மூன்று மாதமாகியிருந்தது. அவன் தூங்காததால் காவலர் தூங்கவில்லை, சமையற்காரர் தூங்கவில்லை, மந்திரி நன்னயர் தூங்கவே இல்லை. அவையில் யாராவது ஒருவர் கொட்டாவி விட்டால் அது வரிசை முழுக்கப் போய்த் திரும்பி அவரிடமே வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாட்டு. அரசன் ஒருநாள் உண்ட களைப்பில் ஒருக்களித்துப் படுத்திருந்ததை அவைப்புலவர் செங்கண்ணனார் பார்த்துவிட்டார். உடனே பாடினார்: மன்னன் சாய்ந்தால் சிங்கம் சாய்ந்தது போலிருக்குமாம். ஒன்றின்மேல் ஒன்றாகக் கால்கள் இரண்டும் சார்த்தி வைத்த வேல்கள் போல் நீண்டிருக்குமாம். தலையணை வேண்டாம், தாங்குவதற்கு உள்ளங்கை ஒன்றே போதுமாம். நான்காம் அடியில் பொருள் எதுவும் இல்லை, ஓசை மட்டும் நன்றாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அரசனுக்குப் பாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. பள்ளியறை வாசலில் கல்லில் வெட்டச் சொன்னான். கல்லில் ஏறிய பிறகு அதன்படி படுக்காமல் முடியுமா? "பாட்டு பொய்த்தால் குலத்துக்கு ஆகாது அரசே," என்று புலவர் வேறு பயமுறுத்தி வைத்தார்.

ஆனால் தூக்கத்தில் வேல்கள் சொன்ன பேச்சைக் கேட்குமா? மேல்கால் முன்னால் சரியும். அதோடு இடுப்பும் திரும்பும். பிழிந்த வேட்டி போல முதுகு முறுகும். விடியற்காலையில் சிங்கம் "ஐயோ அம்மா" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்.

"மெத்தையில்தான் குற்றம்," என்றார் புலவர்.

மெத்தை தைக்கும் மொக்கையன் ஐந்து புது மெத்தைகள் தைத்துக் கொடுத்தான். வலி போகவில்லை. ஆறாம் மெத்தையோடு அவன் வந்தபோது அரசனுக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் என் முதுகு நேராகாவிட்டால் உன் வலது கட்டைவிரலை வெட்டச் சொல்வேன். அது போனால் ஊசி பிடிக்க மாட்டாய், ஊருக்காவது நிம்மதி!"

மொக்கையன் நேரே மந்திரி வீட்டுக்கு ஓடினான்.

"சாமி, மெத்தையில ஒரு குறையும் இல்ல. படுக்குறதுலதான் குறை. முழங்காலுக்கு நடுவுல ஒரு திண்டு வச்சு, காலைக் கொஞ்சம் மடக்கிப் படுத்தா இடுப்பு திரும்பாது. காதுக்கும் தோளுக்கும் நடுவுல இருக்குற இடத்தை ஒரு தலையணை நிரப்பிட்டா கழுத்தும் பிழைக்கும்."

"உனக்கு யார் சொன்னது?"

"செங்கண்ணனாருக்கு நான்தானே அப்படி ஒரு திண்டு தைச்சுக் கொடுத்தேன்! ஏழு வருசமா அவர் அப்படித்தான் தூங்குறார். அது எனக்குத் தெரியும்னுதான் என் விரலுக்கு உலை வைக்கிறார்."

நன்னயர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இதை நான் போய்ச் சொன்னால் பாட்டைப் பழித்தேன் என்று என் விரலும் போகும். புலவர் வாயாலேயே வரட்டும். நீ போய்ப் படு."

"எப்படிச் சாமி தூக்கம் வரும்?"

"வராதுதான். எனக்கும் வராது."

மறுநாள் காலை அவையில் மந்திரி எழுந்தார். "அரசே, அந்த அரிய பாட்டு வெறும் எழுத்தாக இருப்பது நமக்குக் குறை. சிலையாக வடிக்க வேண்டும். தாங்களோ களைத்திருக்கிறீர்கள். அந்தக் கிடந்த கோலத்தை உலகத்தில் நன்கறிந்தவர் ஒருவரே. அவர் படுத்துக் காட்டினால் சிற்பி வரைந்துகொள்வார்."

செங்கண்ணனார் மீசையை நீவினார். "அடியேனுக்கு அந்தப் பேறா?"

"மெத்தை மட்டும் குற்றமற்றதாக இருக்க வேண்டும். மொக்கையன் மெத்தை வேண்டாம் அல்லவா?"

"சீ! என் வீட்டிலிருந்து என் மெத்தை வரட்டும். அதற்கு ஈடு பதினாலு உலகத்திலும் கிடையாது!"

ஆட்கள் போனார்கள். மெத்தையைச் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். அதோடு கிடந்த திண்டையும் தலையணையையும் மறக்காமல் தூக்கி வந்து ஓரமாக வைத்தார்கள். புலவர் சிங்கமாகச் சாய்ந்தார்.

ஒரு நாழிகை போயிற்று.

"புலவரே, முழங்கால் சரியுது," என்றார் சிற்பி.

"சரியவில்லை."

"இடுப்பு திரும்புது. இப்படியே செதுக்கினா சிங்கம் வராது, முறுக்குதான் வரும்."

இரண்டாம் நாழிகையில் புலவர் முனகினார். மூன்றாம் நாழிகையில் கை மரத்துத் தலை நழுவியது.

"மெத்தை சரியில்லையோ?" என்று மந்திரி பரிவோடு கேட்டார்.

"மெத்தைக்கு என்ன கேடு!" என்று அலறினார் புலவர். "ஐயோ, இடுப்பு! அடேய், அந்தத் திண்டை எடுத்துக் கொடுங்களடா!"

"எதற்கு?"

"முழங்காலுக்கு நடுவில் வைக்கத்தான்! அது இல்லாமல் எந்த மனிதன் ஒருக்களித்துத் தூங்குவான்?"

அவை முழுதும் விழித்துக்கொண்டது. அரசன் முதுகைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தான்.

"மூன்று மாதமாக நான் உம் பாட்டில் படுத்திருக்கிறேன். நீர் திண்டில் படுத்திருக்கிறீரா?"

திண்டுக்காக நீட்டிய கையைப் புலவர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

"எழும்."

புலவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அரசன் அதே மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தான். திண்டை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, காலை மடக்கி, தலையணையில் கன்னத்தைச் சாய்த்தான். மந்திரி அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் குறட்டை கேட்டது.

அரசன் எழாமல் அவை கலையக் கூடாது என்பது அந்நாட்டு விதி. எல்லோரும் நின்றார்கள். உச்சிப்பொழுது வந்தது, போயிற்று. கெடுவுக்காக வந்து ஓரமாக நின்றிருந்த மொக்கையன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாயும் நேரத்தில் அரசன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"மொக்கையன் விரல்?"

"அவன் கையிலேயே இருக்கிறது, அரசே."

"அங்கேயே இருக்கட்டும். முதுகு வலிக்கவில்லை. இனி அரண்மனை மெத்தையெல்லாம் அவன் பொறுப்பு. வாசலில் இருக்கும் அந்தப் பாட்டைப் புலவரே தம் கையால் உளிகொண்டு செதுக்கி எடுக்கட்டும், நான்காம் அடி உட்பட." கொட்டாவி விட்டான். "நன்னயரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும், அரசே. தாங்கள் எழுந்தால் போதும்."

"தந்தேன்," என்றான் அரசன். திண்டை அணைத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டான். மறுபடியும் குறட்டை கேட்டது.

மொக்கையன் மட்டும் அவையைச் சேர்ந்தவன் அல்லன். கும்பிடு போட்டுவிட்டு, ஐந்து விரலையும் வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.