சாளையின் செவுளில் ஒரு கரும்புள்ளி

மீனும் மனுஷனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலம் அது. சந்தையில் மத்தி என்று கூவுகிறார்களே, அந்தச் சாளை அப்போது மேற்குக் கடலில் மட்டும்தான் இருந்தது. உடம்பு முழுக்க வெள்ளி நிறம், ஒரு புள்ளிகூடக் கிடையாது.

கரையில் இருந்தவர்களுக்கோ ஆசை அடங்கவில்லை. சுண்ணாம்புக்காகச் சிப்பி சுடக் காளவாய்க்கு மேல் காளவாய் மூட்டினார்கள். புகை வானத்தைக் கம்பளி மாதிரி மூடிக்கொண்டது. கம்பளிக்குள் கிடந்தால் யாருக்குத்தான் வேர்க்காது? கடல் சூடேறியது, மீன்கள் விலகிப் போயின.

கூத்தன் என்ற மீனவன் வீட்டில் இருபது நாளாக உலை ஏறவில்லை. படகின் ஓட்டையைக் கருங்கீல் பூசி அடைத்துக்கொண்டிருந்தவன், தூரத்தில் மீன் மினுங்குவதைப் பார்த்துவிட்டான். கைகூடக் கழுவாமல் படகைத் தள்ளி, மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் சேரும் தெற்கு முனையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே வலையை விரித்தான்.

முதலில் சிக்கியது ஒரு சினைச் சாளை.

"அண்ணே, வலையைத் தூக்குங்க. இந்தச் சூட்டுல முட்டை வெந்துபோகும். கிழக்கே தண்ணி குளிர்ச்சியாம். என் கூட்டம் மொத்தமும் பின்னால வருது, வேற வழியில்ல."

"என் பிள்ளைகளும் பட்டினிதான்."

"குஞ்சுகள் பெரிசாகட்டும், கூட்டம் கூட்டமா நாங்களே வந்து விழறோம்."

கரையிலிருந்து அவன் மனைவி வெள்ளைச்சி சத்தம் போட்டாள். "அதை விட்டீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க."

கூத்தன் அதைச் செவுளோரம் பிடித்துத் தூக்கினான். கையில் எடுத்த சாளையின் வயிறு துடித்தது. அதைக் கிழக்கே விட்டுவிட்டு வலையைச் சுருட்டினான். உச்சிப்பொழுதுவரை கூட்டம் அவன் படகுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க ஊர் கிழங்கைத் தின்றது. கூத்தனிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைச்சி திட்டிக்கொண்டேதான் அவனுக்குக் கிழங்கு அவித்துப் போட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கிழக்குக் கடல் பளபளத்தது. எங்கே பார்த்தாலும் சாளை! பெண்கள் குலவையிட்டார்கள். முதல் கூடையைத் தூக்கிய வெள்ளைச்சி அப்படியே நின்றாள். மீனுக்கு மீன், செவுளோரம் ஒரு கரும்புள்ளி. கணவனை இழுத்துவந்து அவன் விரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"எல்லாம் அந்தச் சினைச் சாளை பெத்ததுக. இது எம் புருஷன் கைக்கறை," என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

அன்று ஒட்டிய கீல்தான் சாளையின் செவுளில் இன்னும் போகாமல் இருக்கிறது. சினைக் காலம் வந்தால் எங்கள் ஊர் வலைகள் கரையேறிவிடுவதும் அன்றிலிருந்துதான்.